அறுபத்தோராவது குவளை

அந்த வீட்டில் மெழுகுவர்த்திக்குத்தான் தனி அறை. மனிதர்கள் மூன்று பேரும் மீதி இடத்தில் அனுசரித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. நுழைந்ததும் கூடம், இடப்பக்கம் சமையலறை, வலப்பக்கம் வெயில் படாத அந்த அறை. உள்ளே சுவரோடு சுவராக நான்கு இரும்பு அலமாரிகள். தட்டுகளில் கண்ணாடிக் குவளைகள் மூடியோடு வரிசையாக நிற்கும். ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் ஓர் அட்டை. அட்டையில் மெழுகு ஊற்றிய தேதி. அங்கே ஜன்னலைத் திறக்கக் கூடாது, மின்விசிறி போடக் கூடாது. பேசக் கூடாது என்று அண்ணி சொன்னதில்லை. ஆனாலும் அண்ணன் அந்த அறைக்குள் போனால் தொட்டில் பிள்ளை தூங்குகிற இடம் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

பதினாலு நாள். அதுதான் அண்ணியின் கணக்கு. ஊற்றிய மெழுகு சில மணி நேரத்தில் இறுகிவிடும். மறுநாளே பற்ற வைத்தால் எரியும். ஆனால் மணக்காது. வாசனை எண்ணெய் மெழுகுக்குள் இறங்கி ஊற வேண்டும். ஊறாத குவளையை மூடி திறந்து மோந்தால் தூக்கலாக இருக்கும். பற்ற வைத்தால் வெறும் மெழுகு. ஏமாறுகிறவர்கள் எல்லாம் மூடி திறந்து மோந்து ஏமாறுகிறவர்கள்தான்.

அண்ணியும் ஏமாந்தவள்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால், முதல் பெரிய ஆர்டர். பரிசுப் பொருள் கடைக்கு நாற்பது குவளை. கடைக்காரர் அவசரப்படுத்தினார் என்று நாலாம் நாளே கொடுத்துவிட்டாள். ஒரு வாரத்தில் அதே பெட்டிகளில் அப்படியே திரும்பி வந்தது. கடைக்காரர் கத்தவில்லை. "வெறும் மெழுகு விக்கணும்னா எங்கிட்டயே இருக்கேம்மா" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெட்டிகள் இன்னும் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. தூக்கிப் போட்டுவிடலாமே என்று அண்ணன் ஒருமுறை சொன்னார்.

"இருக்கட்டும். குனிஞ்சு பெருக்கும்போதெல்லாம் கண்ணுல படட்டும்" என்றாள் அண்ணி.

அதற்குப் பிறகு அவள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். எத்தனை குவளைக்கு ஆர்டரோ, அதைவிட ஒன்று கூடுதலாக ஊற்றுவாள். அதற்குச் சாட்சி என்று பெயர். பதினாலாம் நாள் சாயங்காலம் கூடத்துக் கதவுகளைச் சாத்திவிட்டுச் சாட்சியைப் பற்ற வைப்பாள். அரை மணி நேரம் கழித்து வெளியிலிருந்து ஒருவர் உள்ளே வர வேண்டும். அவருக்கு வாசனை வந்தால் சரக்கு போகும். இல்லாவிட்டால் போகாது.

இதில் சிக்கல் மூக்கு. எண்ணெயிலேயே கிடந்து அண்ணியின் மூக்கு மரத்துப் போயிருந்தது. அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். தங்கமான மனுஷர். அதுதான் கோளாறு. எதை நீட்டினாலும் "நல்லாயிருக்கு" என்பார். ஒருதரம் பற்ற வைக்காத குவளையைக் கூடத்தில் வைத்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டாள். "வீடே மணக்குது" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் இளையவன் வந்து சேர்ந்தான். அண்ணனின் தம்பி. மனைவி இறந்த பிறகு அவனைத் தனியாக விடக் கூடாது என்று அண்ணன் வேனை எடுத்துக்கொண்டு போய், இரண்டு பெட்டியும் ஒரு மேஜை விளக்குமாக அவனை ஏற்றி வந்தார். கூடத்துச் சோபா அவனுக்குப் படுக்கையானது. கூரியர் அலுவலகத்தில் வேலை. பகல் முழுக்க உறைகளில் தேதி முத்திரை குத்துவான். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால் தெரியாது.

வந்த புதிதில் மூன்று வாரத்தை "ம்", "போதும்" என்கிற இரண்டு சொல்லில் ஓட்டினான். ஒரு நாள் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தவனிடம் அண்ணி, பதிலை எதிர்பார்க்காமல், "ஏதாச்சும் வாசனை வருதா தம்பி?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றான்.

அண்ணி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அந்த வீட்டில் அவளிடம் இல்லை என்று ஒருவர் சொல்லி வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. போய் நோட்டைப் புரட்டினாள். அந்த முறை எண்ணெய் அளவு குறைந்திருந்தது தெரிந்தது. அன்றிலிருந்து அவன்தான் அந்த வீட்டு மூக்கு. அண்ணி அவனுக்கு இன்ஸ்பெக்டர் என்று பட்டம் கட்டினாள். ஆறு மணிக்கு அவன் வாசலில் ஷூவோடு நிற்பான். ஒரு சொல் சொல்வான். அண்ணி தலையாட்டுவாள். அவ்வளவுதான் பேச்சு. அவன் மனைவி போய்ப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. அதில் எட்டு மாதம் இப்படிப் போனது.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய விடுதியைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். அறைகளைப் பார்த்துக்கொள்ளும் மேற்பார்வையாளர் அம்மா ஏதோ கடையில் அண்ணியின் குவளையைப் பார்த்து, ஒட்டியிருந்த சீட்டிலிருந்த நம்பருக்குப் போன் செய்து, மூன்று மாடி ஏறி நேரிலேயே வந்தார். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அறுபது அறை. அறைக்கு ஒரு குவளை. கட்டிலுக்குப் பக்கத்தில், அண்ணியின் பெயர் ஒட்டியது, ஒட்டினபடியே.

"உங்க விடுதிப் பேர் ஒட்ட வேணாமா மேடம்?" என்று அண்ணன் இடையில் புகுந்து கேட்டார்.

"செஞ்சவங்க பேரு இருக்கட்டும். கெட்டாலும் அவங்க பேருதானே கெடும்" என்றார் அந்த அம்மா.

அவர் போன பிறகு அண்ணி நெடுநேரம் வாசலிலேயே நின்றாள். "அறுபது ரூம்ல எம்பேரு" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

ஊற்றிய அன்று இளையவன் அலுவலகத்துக்கு லீவு போட்டிருந்தான். விடிந்ததிலிருந்து வேலை. அண்ணன் குவளைகளைக் கழுவித் துடைத்து, அடியில் திரியை ஒட்டி, திரி சாயாமல் துணிக் கிளிப்பைக் குவளையின் வாயில் குறுக்கே வைத்துக்கொண்டே வந்தார். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கும். அதற்குள் இறக்கிய சின்னப் பாத்திரத்தில் மெழுகு உருகும். முதலில் சோப்புச் சீவல் மாதிரி இருப்பது, ஓரத்தில் கண்ணாடியாகி, பிறகு முழுக்கத் தெளிந்து, அடி தெரியும். அண்ணி தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்து, இறக்கி, எண்ணெயை ஊற்றி, இரண்டு நிமிஷம் ஒரே சீராகக் கிண்டுவாள். வேகமாகக் கிண்டினால் காற்றுக் குமிழ் ஏறும். கிண்டும்போது யாரோடும் பேச மாட்டாள். இந்த முறை ஆரஞ்சுத் தோலும் பட்டையும் கலந்த எண்ணெய். கனமான வாசனை, ஊற நாளாகும், குறுக்குவழி கிடையாது.

மதியத்துக்கு மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை இறக்கும்போது துணி நழுவி, பாத்திரத்தின் காது இளையவனின் வலது கட்டை விரலில் பட்டது. பாத்திரத்தை அவன் விடவில்லை. மெதுவாகக் கீழே வைத்துவிட்டுத்தான் குழாயடிக்குப் போனான்.

"கத்தியிருக்கலாமில்ல தம்பி?" என்றாள் அண்ணி.

"கொட்டிடும்" என்றான்.

சாயங்காலம் அறுபத்தொன்று நின்றது. அலமாரியின் மேல் இரண்டு தட்டு முழுக்க. அண்ணி கதவு நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னம் சிவந்திருந்தது. அடுப்பு வெக்கை என்று நினைத்தார்கள். காய்ச்சல்.

அது லேசில் விடவில்லை. கண் திறந்தால் கஞ்சி, மாத்திரை, மறுபடி தூக்கம். பகல் எது இரவு எது என்று அவளுக்குத் தெரியவில்லை. அண்ணன் வேனை ஓட்டிவிட்டு வந்து நெற்றியில் ஈரத் துணி போடுவார். இளையவன் கஞ்சி வைப்பான். விரலில் துணி சுற்றிக்கொண்டு அலுவலகத்தில் முத்திரை குத்துவான். ஒரு வியாழக்கிழமை அண்ணி எழுந்து உட்கார்ந்து, "எத்தனாம் நாள் ஆச்சுங்க?" என்று கேட்டாள். தன் உடம்பைப் பற்றிக் கேட்கவில்லை என்பது அண்ணனுக்குத் தெரியும்.

"பதினாலு" என்றார். "இன்னையோட பதினாலு. நீ வேணா அட்டையப் பாரு."

பார்த்தாள். நாலாம் தேதி என்று இருந்தது. அண்ணனின் கையெழுத்து. அன்று அவளால் எழுத முடியாததால் அவர்தான் எழுதி வைத்தார்.

"பதினாலு நாளா படுத்திருந்தேன்? உங்க ரெண்டு பேரையும் யாரு பாத்துக்கிட்டது?"

"அந்த மேடம் வந்திருந்தாங்க. நாளைக்குக் காலையில எடுத்துக்கிறாங்களாம். சரியா போச்சில்ல?" அண்ணன் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

அன்று ஐந்தரைக்குச் சாட்சியைப் பற்ற வைத்தார்கள். ஆறு மணிக்கு இளையவன் கதவைத் திறந்து நின்றான். அண்ணி நாற்காலியில் போர்வையோடு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் ஜன்னலோரம் நின்றுகொண்டு கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார்.

"இல்லை" என்றான்.

"டேய், நல்லா மோந்து பாரு. இன்னைக்குப் பதினாலாம் நாள்" என்றார் அண்ணன்.

"இல்லைண்ணே."

"சளி பிடிச்சிருக்கா? கஞ்சி வச்சு வச்சு உனக்கும் ஒட்டிக்கிச்சு போல."

இளையவன் வெளியே போய்க் கதவைச் சாத்தினான். தரைத்தளம் வரை இறங்கினான். தெருவில் ஒரு நிமிஷம் நின்றான். பெட்ரோல், ஈரச் சிமெண்ட், யாரோ வெங்காயம் வதக்குவது, எல்லாம் தனித்தனியாக வந்தது. திரும்ப ஏறி வந்து நின்றான். சுடர் நேராக எரிந்துகொண்டிருந்தது. மெழுகு வாசனை வந்தது. வேறொன்றும் இல்லை. பதினாலு நாள் என்கிறார்களே, தன் மூக்குத்தான் போய்விட்டதோ என்று முதல்முறையாகப் பயந்தான். பதினோரு மாதமாகச் சாப்பாட்டில் உப்பு இருந்ததா என்று அவன் கவனித்ததில்லை. போயிருந்தாலும் தெரிந்திருக்காது.

"இல்லை அண்ணி. ஆனா எனக்கே சந்தேகமா இருக்கு. என்னை நம்ப வேணாம்."

"உங்க மூக்கு மேல எனக்குச் சந்தேகம் இல்ல" என்றாள் அண்ணி. "என் கை மேலதான். காய்ச்சலோட கிண்டியிருக்கேன். சூடு தப்பிப் போயிருக்கும், இல்ல எண்ணெய் ஊத்தினேன்னு நெனச்சு ஊத்தாம விட்டிருப்பேன்."

"எல்லாத்துலயுமா?" என்றார் அண்ணன்.

"சாட்சி சொன்னது சாட்சிதான். காலையில எல்லாத்தையும் உருக்கிடலாம். எண்ணெய் போனது போகட்டும், மெழுகாவது மிஞ்சும்."

அண்ணன் மடித்த கைக்குட்டையை விரித்தார். "உருக்கவா? அறுபதுமா? ஏம்மா, ரூமுக்கு வர்றவன் பயணத்துல களைச்சு வருவான். வந்து படுப்பான். மோந்து பாத்துக்கிட்டா இருக்கப் போறான்?"

"அப்ப எதுக்கு அதுல எம்பேரு?"

"சும்மா ஒரு அழகுக்கு இருந்துட்டுப் போகுது. நல்லாத்தான் இருக்கு. எனக்கு மணக்குது."

"உங்களுக்குக் குழாய்த் தண்ணியே மணக்கும்" என்றாள் அண்ணி. "கட்டிலுக்கு அடியில நாப்பது கெடக்கு. இன்னும் அறுபதுக்கு அங்க இடம் இல்லைங்க."

காலையில் இளையவன் அலுவலகத்துக்கு லீவு சொன்னான். அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்து பெரிய பாத்திரத்தை அடுப்பில் ஏற்றச் சொன்னாள். அண்ணன் அறைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். ஒரு தட்டுக் குவளையை எடுத்து வந்து மேடையில் வைத்தார். பிறகு ஒன்றை எடுத்துக்கொண்டுபோய்த் திரும்ப அலமாரியில் வைத்தார்.

"என்னங்க பண்றீங்க? கொண்டு வந்ததையே கொண்டு போறீங்க?"

"கை நடுங்குது."

"ராத்திரி சாப்பிடல இல்ல. போய் உக்காருங்க."

தண்ணீர் கொதித்தது. முதல் குவளையைச் சூட்டில் இறக்குவதற்காக இளையவன் விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தான், ஈரமானால் வழுக்கும். அண்ணி அவன் கையைப் பார்த்தாள்.

"இருங்க. அந்த விரலைக் காட்டுங்க."

நீட்டினான். கொப்புளம் உடைந்து மேல்தோல் ஓரத்தில் உரிந்து தொங்கியது. கீழே புதுத்தோல் ரோஜா நிறத்தில், தொட்டால் கூசுகிற மாதிரி இருந்தது. அண்ணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள்.

"இது எப்ப சுட்டது?"

"ஊத்தின அன்னைக்கு."

"ஆறு வருஷமா நான் சுட்டுக்கிறேன் தம்பி. ஏழாம் நாள் எட்டாம் நாள் கொப்புளம் உடையும். பத்தாம் நாள் இப்படி இருக்கும். பதினாலு, பதினஞ்சு ஆச்சுன்னா எங்க சுட்டுதுன்னு தேடணும்." அவள் குரலை உயர்த்தவில்லை. "என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க."

அண்ணன் வந்தார். சமையலறை வாசலைத் தாண்டவில்லை.

"இந்த விரலுக்குப் பத்து நாள்தான் வயசு. அதே நாள் ஊத்தின மெழுகுக்கு மட்டும் எப்படி நேத்தே பதினாலு ஆச்சு?"

அண்ணன் விரலைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார்.

"அட்டைய நான்தான் மாத்தி எழுதினேன்" என்றார். "நீ கண்ணே திறக்கல. அந்த மேடம் வந்து நின்னாங்க. முதலாளி முன்னாடியே திறக்கணும்ங்கிறார், வெள்ளிக்கிழமை வேணும்னாங்க. இல்லைன்னு சொல்ல வாய் வரல. போனா திரும்ப வராத ஆர்டர். அஞ்சு நாள்தானேன்னு ஒன்பத நாலாக்கினேன்."

"சரி, அட்டைய மாத்தினீங்க. மூக்கை என்ன பண்றதா இருந்தீங்க?"

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அட்டையில பதினாலுன்னு இருந்தா மூக்கும் நம்பிடும்னு நெனச்சேன். எனக்கெல்லாம் அப்படித்தான்."

அண்ணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அண்ணி சிரித்தாள். காய்ச்சலில் வற்றின உடம்பு குலுங்க, மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு ஓய்ந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரத்துல அறுபதையும் உருக்கியிருப்பேன். நல்ல சரக்கு. பாத்துக்கிட்டே நின்னிருப்பீங்களா?"

"சொல்லத்தான் வந்தேன். நாலு தடவ வந்தேன். நீயே பாத்தியே."

"ஆமா, குவளையோட வந்தீங்க, குவளையோட போனீங்க" என்றாள். அப்புறம் இளையவன் பக்கம் திரும்பினாள். "நேத்து நீங்க இருக்குன்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா எம்பேரு போயிருக்கும் தம்பி. அட்டை பொய் சொல்லுது, அண்ணன் கெஞ்சுறாரு, நான் அப்படிப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். எங்க வீட்டு மூக்கு அசையல." சொல்லும்போது தோளை நிமிர்த்திக்கொண்டாள். மெலிந்து போயிருந்த தோள்.

இளையவன் அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கினான். எடுத்து வந்த குவளைகளைத் துடைத்துத் திரும்ப அலமாரியில் அடுக்கினான். பழைய அட்டையைக் கிழித்தான்.

பதினோரு மணிக்கு மேற்பார்வையாளர் அம்மா வந்தார். அண்ணன் அறைக்குள் ஒளிந்துகொள்ளப் பார்த்தார், அண்ணி விடவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். நேற்றைய சாட்சி எரிந்துகொண்டிருந்தது.

"மேடம், ஏதாச்சும் வாசனை வருதா?"

"கவனிக்கலையே. பெட்டி ரெடியா?"

"இன்னும் ஊறல மேடம். செவ்வாய்க்கிழமைதான் பதினாலு ஆகும்."

அந்த அம்மா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

"இவர் சரின்னாரேம்மா. நாளைக்குத் திறக்கிறோம். ரூம் எல்லாம் தயார், விரிப்பு விரிச்சாச்சு. வாசனை கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா என்ன? பாக்க அழகா இருக்கு, அது போதும்."

"பாக்க மட்டும்னா மேஜை விளக்கு வைக்கலாம் மேடம். எங்க வீட்டுலயே ஒண்ணு சும்மா இருக்கு, தர்றேன்."

"நான் வேற இடத்துல வாங்கிக்க வேண்டி வரும்."

"வாங்கிக்கங்க. தப்பா எடுத்துக்க மாட்டேன். கெட்டா செஞ்சவ பேருதான் கெடும்னு நீங்கதான் சொன்னீங்க. அதத்தான் நானும் சொல்றேன்."

அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அண்ணியை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். கழற்றினார். "உடம்பு சரியில்லாதவங்கள அலைக்கழிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மூன்று மாடியும் அவர் செருப்புச் சத்தம் கேட்டது.

அடுத்த நாட்களில் அண்ணன் அதிகம் பேசவில்லை. பாத்திரம் கழுவினார். யாரும் கேட்காமலே மூடிகளைத் துடைத்தார். ஞாயிற்றுக்கிழமை வேனைத் தள்ளிக் கழுவும்போது, மாடி ஜன்னலைப் பார்த்து, "விடுதி திறந்துட்டாங்களாம்" என்று மட்டும் சொன்னார். அண்ணி, "நல்லா நடக்கட்டும்" என்றாள். அவள் சாப்பிட ஆரம்பித்திருந்தாள். அறுபது குவளைக்கும் பெயர்ச் சீட்டு வெட்டி ஒட்டினாள். யார் வாங்கப் போகிறார்கள் என்று தெரியாமலே ஒட்டினாள். கோணல் இல்லாமல் ஒட்டினாள்.

செவ்வாய்க்கிழமை இளையவன் வேலை முடிந்து வந்தான். தெருவிலிருந்து படியில் கால் வைத்தான். முதல் மாடியில் யாரோ துணி அலசின ஈரம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றான்.

ஆரஞ்சுத் தோல். முதலில் அதுதான். நகம் பட்டதும் தெறிக்குமே, அந்தக் காரம். அதற்குப் பின்னால் பட்டையின் சூடு. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். அவன் மனைவி ஆரஞ்சை ஒரே நீளமாக, அறுந்துவிடாமல் உரிப்பாள். உரித்த தோலை மேஜை விளக்கின் கழுத்தில் மாட்டி வைப்பாள். சூட்டில் அறை மணக்கும். அந்த விளக்குதான் சோபாவுக்குப் பக்கத்தில் இத்தனை மாதம் போடப்படாமல் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு மேலே ஏறினான்.

கதவைத் திறந்தால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி, அண்ணன், எதிரில் மேற்பார்வையாளர் அம்மா. மூவரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள்.

"வந்து அரை மணி நேரமாச்சு" என்றார் அந்த அம்மா. "வேற இடத்துல வாங்கினத எல்லா ரூம்லயும் வச்சேன். ஒண்ணும் மணக்கல. இவங்க தர மாட்டேன்னு சொன்னதுதான் ஞாபகம் வந்துக்கிட்டே இருந்தது. இங்க வந்தா எனக்கு மணக்குது, ஆனா இவங்க இன்ஸ்பெக்டர் வராம பெட்டி கட்ட மாட்டாங்களாம்."

"இருங்க மேடம்" என்றாள் அண்ணி. கண்ணை அவனிடமிருந்து எடுக்கவில்லை. "சொல்லுங்க தம்பி."

இளையவன் வாசலில் ஷூவோடு நின்றான்.

"ரெண்டாம் மாடியிலயே வந்துடுச்சு அண்ணி. முதல்ல ஆரஞ்சு, அப்புறம் பட்டை. கீழ் வீட்டுக்காரங்களுக்கும் வந்திருக்கும். நல்லா ஊறியிருக்கு."

எட்டு மாதத்தில் அவன் அந்த வாசலில் சொன்ன சொற்களை எல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு வராது. அண்ணி வழக்கம்போல் தலையாட்டினாள். ஆனால் உடனே எழுந்திருக்கவில்லை. மூக்கை ஒருமுறை உறிஞ்சிக்கொண்டாள். அவளுக்கு ஒன்றும் வராது, எல்லாருக்கும் தெரியும்.

"நான் வியாழக்கிழமையே நல்லாயிருக்குன்னு சொன்னேன்" என்றார் அண்ணன்.

"நீங்க பெட்டியை எடுத்துட்டு வாங்க" என்றாள் அண்ணி.

கூடத்தில் பெட்டிகளை விரித்து, குவளைக்குக் குவளை தாள் சுற்றி அடுக்கினார்கள். அந்த அம்மாவும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழே உட்கார்ந்து தாள் கிழித்துக் கொடுத்தார். பெட்டி மேல் ஊற்றிய தேதியும் அனுப்பும் தேதியும் எழுத வேண்டும். அண்ணி பேனாவைத் திறந்தாள்.

"இன்னைக்கு என்ன தேதி?"

அண்ணன் இரண்டு கையையும் தூக்கினார். "இந்த வீட்டுல இனிமே நான் தேதி சொல்றதா இல்ல."

அந்த அம்மா சிரித்துவிட்டுக் கைப்பையில் போனைத் தேடினார். காலண்டர் சமையலறைச் சுவரில் இருந்தது. இளையவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"இருபத்தி மூணு அண்ணி" என்றான், தாள் சுற்றிக்கொண்டே. "செவ்வாய்க்கிழமை."